நார்த்தூள் யார்டில் ரப்பர் ட்ராக் லோடர்: பராமரிப்பை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த்தூள் யார்டு வைத்திருக்கிறோம். இதுவரை வாடகைக்கு டயர் லோடர் எடுத்து ஓட்டினோம். போன மாதம் சொந்தமாக, டயருக்குப் பதில் ரப்பர் பட்டையில் ஓடும் ஒரு சிறிய ரப்பர் ட்ராக் லோடர் வாங்கினோம். பழைய வண்டி, ஹவர் மீட்டர் 1,900 காட்டுகிறது. மேனுவல் கையில் இல்லை. தினமும் என்ன பார்க்க வேண்டும், மணிக்கணக்கில் என்னென்ன மாற்ற வேண்டும்? ட்ராக் ஒரு வருடம்கூடத் தாங்காது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

பதில்:

ட்ராக் தாங்கும். ஆனால் உங்கள் யார்டில் அது தாங்குமா தாங்காதா என்பது சாயங்காலம் வண்டியை நிறுத்திய பிறகு வரும் அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. ஆயில், ஃபில்டர் மாற்றுவதெல்லாம் மணிக்கணக்கு வேலை, நோட்டுப் போட்டால் யாரும் செய்துவிடலாம். நார்த்தூளிலும் மஞ்சியிலும் (நார் இழையிலும்) ஓடும் ட்ராக் வண்டிக்குத் தினசரி சுத்தம்தான் முதல் பராமரிப்பு. இந்தப் பக்கத்து யார்டுகளில் பத்து வருடத்துக்கு மேல் இந்த வண்டிகளைப் பார்த்து வருகிறேன். சீக்கிரம் போன ஒவ்வொரு வண்டியிலும் ஆயிலைவிட அழுக்குதான் காரணமாக இருந்தது.

ஒரு வண்டியைச் சொல்கிறேன். முன் ஐட்லரில், அதாவது ட்ராக்கின் முன்முனையில் சுற்றும் சக்கரத்தில், ஆயில் கசிகிறது என்று கூப்பிட்டார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, தூள் மட்டும் ஒட்டியிருந்தது. ஐட்லருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே கத்தியை விட்டுக் கீறி, குறட்டால் பிடித்து இழுத்தேன். மஞ்சி வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஆயிலும் கிரீஸும் ஊறி, சுற்றிச் சுற்றி இறுகி, நிஜமாகவே கயிறாகத் திரிந்திருந்தது. கிட்டத்தட்ட ஒரு முழம். அது இறுகிய இடத்தில், ஆயிலை உள்ளே அடைத்து வைக்கும் சீலின் உதடு வட்டமாக அறுபட்டிருந்தது. சீல் போனதும் ஆயில் வெளியே வருகிறது, அதே வழியாகத் தூள் உள்ளே போகிறது, பேரிங் தேய்கிறது. கடைசியில் ஐட்லரையே முழுதாக மாற்றினோம். வாரம் ஒரு தடவை அந்த இடத்தில் கத்தியை விட்டிருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

அதனால் சாயங்கால வேலையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைத் தூள் குவியலிலிருந்து தள்ளி, சமமான கெட்டித் தரையில் நிறுத்துங்கள். பக்கெட் தரையில் படுத்திருக்க வேண்டும், இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும். ஒரு சிறு கடப்பாறை, ஒரு மண்வெட்டி, ஒரு பழைய கத்தி, கம்ப்ரசர் காற்று, இவ்வளவு போதும். ட்ராக்கின் உட்பக்கம், ட்ராக்கின் மேல் உருளும் சிறு சக்கரங்களான ரோலர்களுக்கு இடையே, பின்னால் ட்ராக்கை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி, ஐட்லரின் இரண்டு பக்கமும் அடைத்திருப்பதைக் குத்தி வெளியே தள்ளுங்கள். மஞ்சி சுற்றியிருந்தால் இழுத்துப் பார்த்துவிட்டு விடாதீர்கள், அறுத்து எடுங்கள். அறுக்கும்போது கத்தி சீல் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தில் பலர் தவறு செய்கிறார்கள். சுத்தம் என்றதும் நேராகத் தண்ணீர்ப் பைப்பைப் பிடிக்கிறார்கள். நார்த்தூள் தன் எடையைப் போல எட்டு மடங்கு வரை தண்ணீரைக் குடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும், அதை வைத்துத்தானே நீங்கள் தொழில் செய்கிறீர்கள். ரோலர் சந்தில் அடைத்த தூளில் தண்ணீர் பட்டால் அது ஊதி இன்னும் இறுகும். மறுநாள் வெயிலில் காய்ந்தால் கட்டியாகிவிடும். முதலில் காய்ந்த நிலையில் குத்தி எடுங்கள், அப்புறம் காற்று, கடைசியாகத்தான் தண்ணீர். தண்ணீர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கழுவாத தூளில் உப்பு அதிகம், அதனால் வாரம் ஒரு தடவையாவது அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவினால்தான் ஃபிரேமும் போல்ட்டும் துருப்பிடிக்காமல் இருக்கும். பிரஷர் வாஷரை சீல், எலக்ட்ரிக்கல் கனெக்டர், ரேடியேட்டர் பக்கம் நெருக்கிப் பிடிக்காதீர்கள்.

அடுத்து ட்ராக் டென்ஷன். சுத்தம் செய்யாமல் டென்ஷன் பார்த்தால் அளவு பொய் சொல்லும். ஸ்ப்ராக்கெட்டுக்கும் ட்ராக்குக்கும் நடுவே தூள் அடைத்திருந்தால் ட்ராக் விறைப்பாக நிற்கும். ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று நினைத்து விட்டுவிடுவீர்கள். தூள் கொட்டியதும் அதே ட்ராக் தொங்கும், திரும்பும்போது கழன்று விழும். எதிர்ப்பக்கமாகவும் ஆகும். சரியாக வைத்த ட்ராக்கில் ஈரத்தூள் ஏறி அடைத்தால் அது தானே மிகையாக இறுகி, ஐட்லர் பேரிங்கையும் டிரைவ் மோட்டார் சீலையும் இழுக்க ஆரம்பிக்கும்.

50 மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்கள். பழைய வண்டி என்பதால் முதல் ஒரு மாதம் வாரத்துக்கு இரண்டு தடவை பார்த்தால் நல்லது. வண்டியைத் தூக்கி, இரண்டு ட்ராக்கும் தரையைத் தொடாமல், அடியில் கனமான மரக்கட்டைகளை அடுக்கி நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. பக்கெட்டைத் தரையில் அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு, அந்த ஹைட்ராலிக்கை நம்பி அடியில் கையை விடுவதும் கூடவே கூடாது. கட்டையின் மேல் பாரம் உட்கார்ந்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். நடு ரோலரின் அடிக்கும் ட்ராக்கின் உட்பரப்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். பல சிறிய வண்டிகளில் இது ஒன்றரை முதல் மூன்று சென்டிமீட்டருக்குள் வரும். ஆனால் எங்கே அளக்க வேண்டும், எவ்வளவு இருக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். வண்டியின் சீரியல் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து டீலரிடம் கொடுத்து, ஆபரேட்டர் மேனுவலை முதலில் வாங்கிவிடுங்கள். இந்த ஒரு அளவுக்காகவே அது வேண்டும்.

இறுக்குவது எளிது. பக்கவாட்டு மூடியைத் திறந்தால் கிரீஸ் சிலிண்டரின் நிப்பிள் தெரியும், கிரீஸ் கன்னால் அடித்தால் ஐட்லர் முன்னால் நகரும். தளர்த்துவதில்தான் ஆபத்து. அந்த சிலிண்டருக்குள் கிரீஸ் பயங்கர அழுத்தத்தில் இருக்கிறது. வால்வை ஒரு சுற்று, அதிகம் போனால் ஒன்றரைச் சுற்று மட்டும் மெதுவாகத் திருகி, கிரீஸ் கசிய விட வேண்டும். முழுதாகக் கழற்றினால் வால்வே குண்டு மாதிரி பறக்கும். முகத்தை அதற்கு நேரே வைக்காதீர்கள், பக்கவாட்டில் இருங்கள். அந்த அழுத்தத்தில் வரும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளி போலத்தான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. அப்படி நடந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், சில மணி நேர தாமதத்தில் விரலே போகலாம். இறுக்கி முடித்த பிறகு வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கட்டும்.

இனி ஆபரேட்டர். ட்ராக்கின் ஆயுளில் பாதி அவர் கையில். இந்த லோடர்கள் நின்ற இடத்திலேயே சுற்றும், அதற்காகவே பிறந்தவை. 1957இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ரோத்சே என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்த சிரில் கெல்லர், லூயி கெல்லர் என்ற சகோதரர்கள், வான்கோழிப் பண்ணைக் கொட்டகையின் தூண்களுக்கு நடுவே புகுந்து எருவை அள்ள ஒரு மூன்று சக்கரச் சிறு லோடரைச் செய்தார்கள். அந்தக் கொட்டகையில் வளைந்து திரும்ப இடம் இல்லை, அதனால் சுற்ற வேண்டியிருந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் நின்ற இடத்தில் சுற்றும் டயர் லோடர். ரப்பர் ட்ராக் பிற்பாடு வந்தது, ஆனால் சுற்றும் பழக்கம் அப்படியே வந்துவிட்டது. டயரில் சுற்றினால் டயர் தேயும். ட்ராக்கில் சுற்றினால் தரையில் படிந்திருக்கும் முழு நீளமும் பக்கவாட்டில் அரைபடும்.

உங்கள் யார்டில் இது இரண்டு மடங்கு முக்கியம், ஏனென்றால் தூள் காயப் போடுவது சிமெண்ட் களத்தில். மெத்தென்ற தூள் மேல் ட்ராக் சொகுசாகப் போகும். களத்தில் சுற்றினால் உப்புத்தாளில் தேய்ப்பது போலத்தான். களத்தில் கறுப்பு வளையம் விழுந்திருக்கிறதா என்று ஒரு நாள் நடந்து பாருங்கள். அது உங்கள் ட்ராக்கிலிருந்து போன ரப்பர். நின்ற இடத்தில் சுற்றாமல், முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று மூன்று அசைவில் திருப்பச் சொல்லுங்கள். ஒரு ட்ராக்கை அடியோடு நிறுத்திவிட்டு மறு ட்ராக்கில் திருப்புவதும் வேண்டாம், இரண்டும் உருண்டுகொண்டிருக்க, ஒன்று கொஞ்சம் மெதுவாக ஓடினால் போதும். களத்தின் விளிம்புத் திட்டில் ஏறும்போது நேராக ஏற வேண்டும். சாய்வாக ஏறினால் ட்ராக்கின் ஓரம் மடிந்து உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி நோகும். குவியலின் சரிவில் குறுக்காக ஓட்டினால் ட்ராக் கழலும் வாய்ப்பு அதிகம், ஏறுவதும் இறங்குவதும் நேராகவே இருக்கட்டும். பக்கெட்டில் பாரம் இருந்தால் முன்பக்கம் மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும், அதாவது ஏறும்போது முன்னால், இறங்கும்போது ரிவர்ஸில். பக்கத்து யார்டுக்கு வேலைக்குப் போவதாக இருந்தால் தார் ரோட்டில் ஓட்டிப் போகாமல் லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.

நல்ல தரையில், நல்ல கையில் ரப்பர் ட்ராக் 1,200 முதல் 2,000 மணி நேரம் வரை ஓடும். உங்கள் மீட்டர் 1,900 என்பதால், இப்போது இருப்பது முதல் ஜோடியா இரண்டாவது ஜோடியா என்று விற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புதிய ட்ராக்கில் வெளிப்பக்க ரப்பர் கட்டையின் உயரம் பல வண்டிகளில் 25 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அது 10 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது. மேல் ரப்பரில் சின்னச் சின்ன வெட்டு இருந்தால் கவலை இல்லை. வெட்டு வழியாக உள்ளே இருக்கும் கம்பி தெரிந்தால் அதில் ஈரமும் உப்பும் ஏறி, துருவேறி, ஒரு நாள் வேலையின் நடுவே அறுந்துவிடும். டீசலோ ஆயிலோ சிந்தினால் துடைத்துக் கழுவுங்கள், ரப்பர் ஊறி மெத்தென்று ஆகிவிடும். வேலை இல்லாத நாளில் வெயிலில் நிறுத்தாமல் கொட்டகைக்குள் விடுங்கள்.

ட்ராக்கோடு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்துப் பாருங்கள். பல் ஒரு பக்கமாகத் தேய்ந்து கொக்கி போல வளைந்திருந்தால், சில மாடல்களில் இடது வலது மாற்றிப் போட்டு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். ஆனால் புது ட்ராக் போடும்போது பழைய கொக்கிப் பல் ஸ்ப்ராக்கெட்டை அப்படியே விடாதீர்கள். புது ட்ராக்கின் உட்பக்கத்தை அது சில நூறு மணி நேரத்தில் கடித்துவிடும். ஸ்ப்ராக்கெட் போல்ட் தளர்கிறதா என்று வாரம் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடுங்கள். ரோலரைப் பொறுத்தவரை, வேலை முடிந்த உடனே ஒவ்வொன்றின் பக்கமும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள், தொட வேண்டாம். மற்றதைவிட ஒன்று மட்டும் அனலடித்தால் அதன் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி இருந்தால் இன்னும் நல்லது, அது ஒன்றும் பெரிய விலை இல்லை. ரோலர் மேல் தூள் ஈரமாக, கறுப்பாக ஒட்டியிருந்தால் ஆயில் கசிவு என்று அர்த்தம்.

டிரைவ் மோட்டாரின் கியர் ஆயிலைப் பலர் மறந்தே போகிறார்கள், ட்ராக்குக்குள் மறைந்திருப்பதால் கண்ணில் படுவதில்லை. சில மாடல்களில் தனியாக கியர் ஆயில் கிடையாது, அதை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் இருந்தால், விற்றவர் என்ன சொன்னாலும் இப்போதே ஒரு தடவை மாற்றிவிடுங்கள். வடியும் ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, மினுமினுப்பாக இருந்தால் பல் தேய்கிறது. எதுவாக இருந்தாலும் இப்போது தெரிந்துகொண்டால் சீலோடு போகும், விட்டால் மோட்டாரோடு போகும்.

அடுத்தது தூசி. இன்ஜின் சூட்டையும் ஹைட்ராலிக் சூட்டையும் வெளியேற்ற வேண்டிய ரேடியேட்டரும் ஆயில் கூலரும் நார்த்தூளை இழுத்துப் பாய் போலப் போர்த்திக்கொள்ளும். உச்சி வெயிலில் மீட்டர் முள் ஏறுகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைத் தேடும் முன் அங்கே பாருங்கள். உங்கள் வேலைக்குக் காலை, மதியம், மாலை என்று மூன்று தடவை ஊத வேண்டும். ஃபேன் காற்றை எந்தப் பக்கமாகத் தள்ளுகிறதோ அதற்கு எதிர்த்திசையில் ஊத வேண்டும். அதே திசையில் ஊதினால் தூளை இன்னும் உள்ளே அழுத்துகிறீர்கள். கூலரும் ரேடியேட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் வண்டிகளில் நடுச்சந்தில்தான் பெரிய அடைப்பு இருக்கும். மேலே பார்த்தால் பளிச்சென்று இருக்கும், டார்ச் அடித்துப் பார்த்தால் வெளிச்சம் மறுபக்கம் வராது. வாரம் ஒருமுறை கூலரைத் தூக்கிச் சாய்த்து அந்தச் சந்தைச் சுத்தம் செய்யுங்கள். காற்றை அதிக அழுத்தத்தில் நெருக்கிப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும், ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள்.

ஏர் ஃபில்டரில் இதற்கு நேர்மாறான ஆலோசனை. அதை அடிக்கடி திறக்காதீர்கள். தினமும் கழற்றி, டயரில் தட்டி, கம்ப்ரசரில் ஊதி மாட்டுவது நம் ஊர்ப் பழக்கம். ஊதும்போது காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுகிறது, கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தூசி உள்ளே போகிறது. அடைப்பு இண்டிகேட்டர் சிவப்பு காட்டினால் வெளி ஃபில்டரை மாற்றுங்கள், ஊத வேண்டாம். உள் ஃபில்டரை, வெளி ஃபில்டர் மூன்று தடவை மாறும்போது ஒரு தடவை மாற்றினால் போதும், நடுவில் தொடவே வேண்டாம். தினமும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஹவுசிங்கின் அடியில் இருக்கும் ரப்பர் மூக்கை அமுக்கித் தூளைக் கொட்டிவிடுங்கள். ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸின் கிளாம்ப்களையும் மாதம் ஒருமுறை பாருங்கள். அந்த ஹோஸுக்குள் விரலை விட்டுத் தடவினால் தூள் ஒட்டக் கூடாது. ஒட்டினால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போகிறது, இன்ஜின் தேய்ந்துகொண்டிருக்கிறது.

தீயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. காய்ந்த நார்த்தூள் எப்படிப் பற்றும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தூள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேலும், டர்போ சந்திலும், வண்டியின் வயிற்றுத் தட்டிலும் போய் உட்காருகிறது. வயிற்றுத் தட்டில் கசிந்த ஆயிலும் சேர்ந்தால் அது விளக்குத்திரி. வாரம் ஒருமுறை அடி மூடிகளைக் கழற்றி அள்ளிக் கொட்டுங்கள், எக்ஸாஸ்ட்டைச் சுற்றித் தினமும் ஊதுங்கள். பேட்டரி கேபிள் எங்காவது இரும்பில் உரசி உறை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வண்டியை அணைத்ததும் உடனே வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம். ஃபேன் நின்ற பிறகு எக்ஸாஸ்ட் சூடு அப்படியே அங்கேயே தேங்கும், தூள் புகையாமல் உள்ளுக்குள்ளேயே கனியும். இருபது நிமிடம் கழித்து ஒரு தடவை வந்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, பேட்டரி மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போங்கள். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டி என்றால், அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது உள்ளே 600 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறும். அந்த வேலையைத் தூளே இல்லாத வெறும் தரையில் நிறுத்தித்தான் செய்ய வேண்டும். கேபினில் ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று, எட்டும் தூரத்தில் தண்ணீர் ஒரு டிரம். இரண்டும் வேண்டும்.

கிரீஸ் தினமும், எட்டுப் பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை. பூம் (பக்கெட்டைத் தூக்கும் கை) பின்கள், சிலிண்டர் முனைகள், பக்கெட் மாட்டும் குயிக் கப்ளரின் பின்கள் எல்லாவற்றுக்கும். நிப்பிள்களை ஒரு தடவை எண்ணி, பக்கத்தில் மஞ்சள் பெயிண்டால் புள்ளி வைத்து, மொத்த எண்ணிக்கையைக் கேபின் கதவில் எழுதிவிடுங்கள். அப்புறம் ஒன்றும் விட்டுப் போகாது. அடிக்கும் முன் நிப்பிளைத் துடைக்காவிட்டால் முதலில் உள்ளே போவது தூள்தான். பழைய கறுப்பு கிரீஸ் வெளியே வந்து, புது நிறம் தெரியும்வரை அடித்துவிட்டு, பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அதுவே தூளைப் பிடித்து வைக்கும். என்எல்ஜிஐ 2 (கெட்டித்தன்மை எண்) லித்தியம் கிரீஸ் போதும். ஒரு நிப்பிள் கிரீஸ் வாங்காவிட்டால் முரட்டுத்தனமாக அடிக்காமல் நிப்பிளை மாற்றுங்கள், சில ரூபாய் விஷயம்.

ஹைட்ராலிக் ஆயில்தான் இந்த வண்டியில் எல்லாம். பக்கெட்டைத் தூக்குவதும் அதுவே, ட்ராக்கை ஓட்டுவதும் அதுவே. பக்கெட்டைத் தரையில் இறக்கி வைத்து, வண்டி குளிர்ந்திருக்கும்போது லெவல் பாருங்கள். ஃபில்டர் 500 மணி, ஆயில் 1,000 மணி என்பது பொதுவான கணக்கு. உங்களிடம் பழைய கணக்கு இல்லாததால் இரண்டையும் இப்போதே மாற்றிவிட்டு அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள். எந்த ஆயில் இருக்கிறது என்று தெரியாமல் மேலே வேறு ஆயிலைக் கலக்காதீர்கள். குயிக் கப்ளர்களை இணைக்கும் முன் சுத்தத் துணியால் துடைப்பது பத்து நொடி வேலை, பம்ப்பைக் காப்பாற்றுவது அதுதான். ஹோஸ் கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது, அட்டையை நீட்டிப் பாருங்கள். கிரீஸைப் பற்றி மேலே சொன்ன அதே ஆபத்து இங்கும் உண்டு.

இன்ஜின் பக்கம் சொல்ல அதிகம் இல்லை. மேனுவல் 500 மணி என்று சொன்னாலும் இவ்வளவு தூசியில் 250 மணிக்கு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். நம் வெயிலுக்கு 15டபிள்யூ-40 சரியாக இருக்கும். டிபிஎஃப் இருந்தால் அதற்கு ஏற்ற சிகே-4 தர ஆயில்தான் ஊற்ற வேண்டும். டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் திறந்துவிடுங்கள். டேங்க்கைச் சாயங்காலமே நிரப்பி வைத்தால் இரவில் உள்ளே வேர்க்காது. பேரலில் டீசல் வைத்திருந்தால் பம்ப் குழாய் பேரலின் அடியைத் தொடக் கூடாது. கூலண்ட்டில் போர்வெல் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். உங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டரில் உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே படிவு இன்ஜினுக்குள்ளும் சேரும். கலந்து விற்கும் கூலண்ட்டை வாங்கி ஊற்றுங்கள், அல்லது டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள்.

ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொள்கிறேன். பழைய வண்டி என்பதால், சீட் ஸ்விட்சும் சீட் பாரும் (மடிக்கு மேல் இறங்கும் பாதுகாப்புக் கம்பி) வேலை செய்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள். பட்டியலில் கடைசியாகச் சொன்னாலும் வண்டி ஓட்டும் முன் முதலில் செய்ய வேண்டியது இது. பாரைத் தூக்கினால் பூமும் ட்ராக்கும் அசையக் கூடாது. ஏறி இறங்கத் தொந்தரவாக இருக்கிறது என்று வயரை நேராக முறுக்கி விட்டிருப்பதை எத்தனையோ வண்டியில் பார்த்திருக்கிறேன். இந்த வண்டியில் ஆபரேட்டர் ஏறி இறங்குவது பூமின் இரண்டு கைகளுக்கு நடுவே. அந்த ஸ்விட்ச் இல்லாமல் முழங்கை லீவரில் பட்டால் போதும், பூம் அசைந்துவிடும். முறுக்கியிருந்தால் சரிசெய்யும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம். பூமைத் தூக்கி வைத்து அடியில் வேலை செய்வதானால், சிலிண்டர் மேல் மாட்டும் இரும்புத் தாங்கியைப் போட்டு, அதன் மேல் பூமை இறக்கி நிறுத்திய பிறகுதான் உள்ளே போக வேண்டும். அது வண்டியோடு வராமல் போயிருந்தால் வாங்கிவிடுங்கள்.

நோட்டு விஷயம். தேதியைவிட ஹவர் மீட்டர் எண்ணை முன்னால் எழுதுங்கள். என்னிடம் இருக்கும் ஒரு பழைய நோட்டில் இப்படி இருக்கிறது: “1,962 – இடது ட்ராக் இறுக்கியது, கிரீஸ் கன் 4 தடவை அடித்தது. 1,988 – இடது மறுபடி, 6 தடவை. 2,001 – இடது மறுபடி.” வலது பக்கத்துக்கு ஒரு வரிகூட இல்லை. அந்த மூன்று வரியைப் பார்த்துத்தான் இடது சிலிண்டரின் சீல் கிரீஸை விடுகிறது என்று கண்டுபிடித்தோம், ட்ராக் கழன்று விழும் முன்பே. ஆபரேட்டரே எழுதட்டும், எழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

இந்த வாரமே செய்ய வேண்டியவை: சீட் பார் ஸ்விட்சைச் சோதிப்பது, மேனுவல் வாங்குவது, எல்லா ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி மீட்டர் எண்ணைக் குறிப்பது, ஐட்லர் நான்கு பக்கமும் கத்தி விட்டு மஞ்சியை எடுப்பது, சுத்தம் செய்த பிறகு டென்ஷன் அளப்பது. மஞ்சியை எடுத்ததும் சீலைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். துணியில் ஆயில் பட்டால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, எந்தச் சக்கரம் என்று குறித்து அனுப்புங்கள், ஐட்லரைக் கழற்ற வேண்டுமா இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.